சிவப்பு அணி, எண் நான்கு

அந்தப் பேருந்து நிலையத்தில் அவளுடைய முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு, குரலைக் கேட்காதவர்கள் யாருமில்லை. மாடிப்படித் திருப்பத்தில் இருந்த கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது கிளம்பப் போகிறது, எது நடுவழியில் படுத்துவிட்டது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்த பெயர் மைக்கம்மா. அதுவே நிலைத்துவிட்டது. குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் அவள் கணவன்கூட, கேலி செய்யத் தோன்றினால் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவான்.

குரலில் ஏதோ ஒரு வசியம் இருந்தது. வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்று அவள் சொன்னால், வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, பக்குவமாகச் சொன்னது போல இருக்கும். பயணிகள் முணுமுணுக்காமல் மூட்டையின்மேல் உட்கார்ந்துகொள்வார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை, அந்த மாடிப்படியில் ஒரு பெண்மணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க ஏறி வந்தார். வெட்டிவிட்ட நரைமுடி, கழுத்தில் ஒரு விசில், கையில் இரண்டு கைபேசிகள், இரண்டும் அலறிக்கொண்டிருந்தன.

"அந்தக் குரல் நீங்கதானா?" என்றார் வந்தவர்.

அந்த அறைவரை ஏறி வருகிறவர்கள் எல்லாம் எதையாவது தொலைத்தவர்கள்தான். மைக்கம்மா பேனாவை எடுத்தாள். "என்னங்க தொலைஞ்சுது? பையா, பெட்டியா?"

"எங்க அறிவிப்பாளரோட தொண்டை."

விஷயம் இதுதான். நாலு நாட்டுப் பெண்கள் கால்பந்துப் போட்டி அன்று மாலை அந்த ஊரில் தொடங்கவிருந்தது. அண்டை நாடுகள் நாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மோதிக்கொள்ளும் போட்டி. இந்த ஊரில் நடப்பது இதுதான் முதல் தடவை. மைதானத்தில் அறிவிப்புச் செய்ய வானொலிக்காரர் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவருக்குக் காலையில் தொண்டை வீங்கி, வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. விசில் அம்மாள்தான் போட்டியின் மேலாளர். ஒரு காலத்தில் ஆடியவர், முழங்கால் போனபிறகு ஆட வைப்பவர்.

"எனக்குப் பந்து உருண்டைங்கிறதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாதுங்க," என்றாள் மைக்கம்மா.

"அது போதும். கோல் விழுந்தா நான் பக்கத்துல நின்னு சொல்றேன். நீங்க அதை ஊருக்குச் சொல்லுங்க."

"நாலு நாட்டுப் பேரும் என் வாயில நுழையாதே!"

"பேரே வேணாம். சட்டை நிறம், முதுகு எண். அவ்வளவுதான். தடம் எண் சொல்றவங்களுக்கு இது ஒரு வேலையா?"

மைக்கம்மா பேனாவைக் கீழே வைத்தாள். மறைத்து வைத்துவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்வதைவிட முன்னாலேயே சொல்லிவிடுவது மேல் என்று பட்டது. "என் நாத்தனார் ஆடறாங்க. நம்ம சிவப்பு அணியில. நாலாம் நம்பர்."

விசில் அம்மாள் இரண்டு கைபேசிகளையும் அணைத்துவிட்டு அவளை நேராகப் பார்த்தார். "அப்படின்னா ஒரே ஒரு நிபந்தனை. மைக்கைப் பிடிச்சா உங்களுக்கு நாத்தனாரும் கிடையாது, நாடும் கிடையாது. யார் கோல் போட்டாலும் ஒரே குரல். கை தட்டக் கூடாது, கத்தக் கூடாது, 'ஐயோ'ன்னு வாயைத் திறக்கக் கூடாது. முடியுமா?"

"எங்க வீட்டுக்காரர் ஏற வேண்டிய வண்டி நின்னுபோனாலும் இதே குரல்லதாங்க சொல்லியிருக்கேன்," என்றாள் மைக்கம்மா.

அவளுடைய நாத்தனாரை எல்லோரும் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். கணவனின் தங்கை. உயரம், அந்த உயரத்தில் பாதிக்கு மேல் கால். பகலில் ஒரு கூரியர் கிடங்கில் பொட்டலம் பிரிக்கும் வேலை, மாலையில் பந்து. அணியில் அவள் பின்வரிசைக்காரி. எதிராளி கொண்டுவரும் பந்தைப் பறித்து அப்பால் உதைப்பதுதான் அவள் பிழைப்பு. கோல் போடுகிறவர்களுக்குக் கிடைக்கும் கைதட்டல் அவளுக்குக் கிடைத்ததில்லை. அவள் கேட்டதும் இல்லை. சிவப்பு அணியும் இதுவரை நடந்த போட்டிகளில் எல்லாம் கடைசி இடத்தைத் தனக்கென்று பட்டா போட்டு வைத்திருந்தது.

அன்று மாலை மஞ்சள் அணியோடு முதல் ஆட்டம். அரங்கின் உச்சியில் இருந்த அறிவிப்பு அறையும் கண்ணாடி அறையாகவே இருந்ததில் மைக்கம்மாவுக்குப் பாதி பயம் போய்விட்டது. கீழே பச்சைப் புல், சுண்ணாம்புக் கோடுகள், எறும்பு போலச் சிதறி ஓடும் பெண்கள். எதிர்ப்பக்க இருக்கைகளில் கணவனும் மாமியாரும் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மாமியார் பள்ளிச் சீருடை தைப்பவர். மகள் அணிக்காகத் தானே தைத்த ஒரு சிவப்புக் கொடியை, கம்பு கிடைக்காததால், ஒட்டடைக் குச்சியில் கட்டி வைத்திருந்தார்.

சிவப்பு அணியின் ஒன்பதாம் எண்காரி திடுமென்று ஒரு கோல் போட்டாள். அரங்கம் துள்ளி எழுந்தது. விசில் அம்மாள் காதில் எண்ணைச் சொன்னார். மைக்கம்மா பொத்தானை அழுத்தினாள். அத்தனை வருடப் பழக்கம் நாக்கைத் தன் வழிக்கு இழுத்துக்கொண்டு போனது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

துள்ளிய கூட்டம் அப்படியே அண்ணாந்து பார்த்தது. பிறகு சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி, வட்டமடித்து, முழு அரங்கையும் பிடித்துக்கொண்டது. அந்த ஊரில் பேருந்து ஏறாதவர் யார்? குரல் யாருடையது என்று எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. மைதானத்தில் கோல் போட்டவளே இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். மைக்கம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு, "மன்னிக்கவும். சிவப்பு அணி, எண் ஒன்பது, கோல்" என்று முடித்தாள். விசில் அம்மாள் திட்டுவார் என்று திரும்பிப் பார்த்தால், அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மஞ்சள் அணி ஒரு கோலைத் திருப்பிப் போட்டு, ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. தோற்காமல் ஒரு ஆட்டத்தை முடித்ததே சிவப்பு அணிக்குப் பெரிய சமாச்சாரம். வெளியே போகிறவர்கள் அறிவிப்பு அறையைப் பார்த்து, "ரைட், போலாம்!" என்று கூவிக்கொண்டு போனார்கள்.

வினை இரண்டாவது ஆட்டத்தில் வந்தது.

எதிரே பச்சை அணி. கோப்பையை ஒவ்வொரு தடவையும் தன் அலமாரியிலேயே வைத்துக்கொள்ளும் அணி. இடைவேளை தாண்டியும் அவர்களால் ஒரு கோல் போட முடியவில்லை. கொக்கு நாலா பக்கமும் கால் முளைத்தவள் போல நின்று எல்லாவற்றையும் உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். அப்புறம் வலப்பக்கத்திலிருந்து தாழ்வாக ஒரு பந்து வந்தது. கொக்கு அதை வெளியே தள்ளக் காலை நீட்டினாள். பந்து அவள் கணுக்காலில் பட்டு, திசை மாறி, எதிர்ப்பக்கம் பாய்ந்திருந்த சொந்தக் கோல்கீப்பரைத் தாண்டி, மெல்ல உருண்டு வலைக்குள் போய் உட்கார்ந்தது.

மைக்கம்மாவுக்கு 'ஐயோ' தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"சுய கோல்," என்றார் விசில் அம்மாள், அவள் முகத்தைப் பார்க்காமல். "எண் சொல்லணும்."

மைக்கம்மா பொத்தானை அழுத்தினாள். "பச்சை அணிக்கு ஒரு கோல். சுய கோல்." ஒரு மூச்சு விட்டாள். குரல் தானாகவே பாதாளத்துக்கு இறங்கிவிட்டது. "சிவப்பு அணி. எண் நான்கு."

கீழே கொக்கு தலையைத் தூக்கி அறிவிப்பு அறையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தது போலிருந்தது. பிறகு குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினாள். அந்த ஒரே கோலில் ஆட்டம் போனது.

வீட்டில் அன்று யாரும் சாப்பாட்டில் குறை சொல்லவில்லை. அதுவே சரியில்லை என்பதற்கு அடையாளம். மாமியார் தையல் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, தைப்பதற்கு ஒன்றும் இல்லாமலே சக்கரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நடந்தது நடந்துபோச்சு. அதை ஒலிபெருக்கி வச்சு ஊருக்கே சொல்லணுமா?" என்றார் கடைசியில், சுவரைப் பார்த்து.

"சொல்ல வேண்டியது என் வேலை அத்தை."

"வேலைதான். உன் புருஷன் தங்கச்சியா இருந்தா என்ன, யாரா இருந்தா என்ன, உனக்கு எல்லாம் பஸ்ஸுதான்."

கணவன் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். இந்த மாதிரி நேரங்களில் அவனுக்குத் திடீரென்று உலகச் செய்திகளில் அக்கறை பிறந்துவிடும். தலைகீழாகப் பிடித்திருக்கிறான் என்பதைக்கூட மைக்கம்மா அப்போது சொல்லிக்காட்டவில்லை.

மறுநாள் ஆட்டம் இல்லை. அணி முகாமில் தங்கியிருந்த உள்ளூர் வீராங்கனைகளை வீட்டுக்குப் போய் மதியச் சாப்பாடு சாப்பிட்டு வர அனுமதித்திருந்தார்கள். வாசலில் கொக்கின் செருப்புச் சத்தம் கேட்டதும் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு வேலையில் மும்முரமானார்கள். கொக்கு உள்ளே வந்தாள், பையை மூலையில் போட்டாள், நேரே சமையலறைக்குப் போய் அண்ணியின் எதிரே நின்றாள்.

"அண்ணி, உங்கமேல நான் கோவமா இருக்கேன்."

"தெரியும்," என்றாள் மைக்கம்மா. கரண்டியைக் கீழே வைத்தாள். "சொல்லாம இருந்திருக்கலாம்னுதான் ராத்திரி பூரா நினைச்சேன். ஆனா எண்ணைச் சொல்லணும்னு அந்தம்மா..."

"சொன்னதுக்கு யாரு கோவப்பட்டா? எப்படிச் சொன்னீங்க, அதுதான் கேள்வி."

"எப்படிச் சொன்னேன்?"

கொக்கு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, யாரோ போய்ச் சேர்ந்துவிட்ட செய்தியைச் சொல்வது போல இழுத்தாள். "சி...வப்பு அணி... எண்... நா...ன்கு." பிறகு இடுப்பில் கைவைத்தாள். "முந்தாநாள் ஒன்பதாம் நம்பர் கோல் போட்டப்ப எப்படிச் சொன்னீங்க? மஞ்சள்காரி போட்டப்ப எப்படிச் சொன்னீங்க? கணீர்னு. எனக்கு மட்டும் என்ன இழவு வீட்டுக் குரல்? நான் செத்தா போயிட்டேன்? காலை நீட்டினேன், தப்பாப் பட்டுடுச்சு. நீட்டாம நின்னிருந்தா பச்சைக்காரி எப்படியும் போட்டிருப்பா. நீங்க கணீர்னு சொல்லியிருந்தா, சரி, ஆச்சு, அடுத்த பந்துன்னு ஓடியிருப்பேன். நீங்க அழுத குரலைக் கேட்டப்புறம்தான் எனக்கே காலு நடுங்கிச்சு."

மைக்கம்மா கரண்டியை மறுபடி எடுத்தாள்.

"நீ சின்னப் பொண்ணாச்சேன்னு பாவமா இருந்துச்சு," என்றாள்.

"பாவப்படறதா இருந்தா வீட்டுல படுங்க. மைக்குல வேணாம்." கொக்கு பாத்திரத்தின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "சரி, பசிக்குது. கோவம் அவ்வளவுதான். போடுங்க."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. மாமியார் தையல் எந்திரத்தை நிறுத்தினார். "அப்போ நான் ராத்திரி இவகிட்ட மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டதெல்லாம் வீணா?" என்று மகளிடம் கேட்டார்.

"வீண்தாம்மா. இறக்கி வச்சிட்டு வந்து சாப்பிடுங்க."

அன்று எல்லோரும் சாப்பாட்டில் குறை சொன்னார்கள். உப்பு தூக்கலாம். மைக்கம்மாவுக்கு அதைக் கேட்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் விசில் அம்மாள் ஒரு தாளில் கட்டம் போட்டு விளக்கினார். பச்சை அணி இரண்டு ஆட்டமும் வென்று இறுதிக்குப் போய்விட்டது. மஞ்சளும் நீலமும் மோதிய ஆட்டம் சமனில் முடிந்திருந்தது. மிச்சம் ஒரு இடம். அதற்குச் சிவப்பு அணி நீல அணியைத் தோற்கடிக்க வேண்டும். அது மட்டும் போதாது. ஊரின் மறுகோடியில் இருக்கும் இன்னொரு மைதானத்தில், அதே நேரத்தில், மஞ்சள் அணி பச்சை அணியை வென்றுவிடக் கூடாது.

"பச்சைக்காரங்களைத் தோற்கடிக்கறது அவ்வளவு சுலபமா?" என்றாள் மைக்கம்மா.

"அவங்கதான் இறுதிக்குப் போயிட்டாங்களே. நல்ல ஆளுங்களை எல்லாம் உட்காரவச்சிட்டு, வாண்டுங்களை இறக்கியிருக்காங்க. என்ன வேணா நடக்கும்," என்றார் அவர். சொல்லும்போதே விசிலைக் கடித்தார்.

சிவப்பு அணி அன்று ஆடிய ஆட்டத்தை அந்த ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஒன்பதாம் எண்காரி முதல் பாதியில் ஒன்று போட்டாள். இரண்டாம் பாதியில் ஏழாம் எண்காரி ஒன்று போட்டாள். கொக்கு பின்னால் நின்று நீல அணிக்காரிகளை ஒருத்தியையும் உள்ளே விடவில்லை. இரண்டுக்குப் பூஜ்யம். நடுவர் ஆட்டம் முடிந்தது என்று ஊதினார்.

ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. மறுகோடி மைதானத்தில் கோல் வலை கிழிந்து, அதைத் தைத்துக் கட்டிய பிறகே ஆட்டத்தைத் தொடங்கினார்களாம். இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டுக்கு இரண்டு. மஞ்சள் அணி இன்னொன்று போட்டால் சிவப்பு அணிக்கு வீட்டுக்குப் போகும் வழிதான்.

அரங்கத்தில் இருந்தவர்களின் கைபேசிகள் ஆளுக்கு ஒரு கதை சொல்லின. ஒரு பக்கம் "மஞ்சள் போட்டுடுச்சு!" என்று ஓலம். இன்னொரு பக்கம் "முடிஞ்சிடுச்சு, ஜெயிச்சாச்சு!" என்று கூத்து. சிலர் தடுப்புக் கம்பியின்மேல் ஏறத் தொடங்கினார்கள். மைதானத்தின் நடுவில் சிவப்புச் சட்டைக்காரிகள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வட்டமாக நின்று, அறிவிப்பு அறையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். விசில் அம்மாள் ஒரு கைபேசியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, "இருங்க, இருங்க" என்பது போலக் கையை ஆட்டினார். அவருக்குக் கைகால் ஓடவில்லை.

மைக்கம்மா கீழே பார்த்தாள். இந்தக் கூட்டத்தை அவளுக்குத் தெரியும். தினமும் பார்க்கிற கூட்டம்தான். வண்டி வருமா வராதா என்று தெரியாமல், அவரவர் கேட்ட வதந்தியை அடுத்தவர் காதில் ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறும் கூட்டம். அதற்கு மருந்து ஒன்றே ஒன்றுதான். யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"அடுத்த மைதானத்தில் ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கோல் கணக்கு இரண்டுக்கு இரண்டு. வேறு எந்தச் செய்தியும் உண்மையில்லை. கம்பியின்மேல் நிற்கும் நண்பர்கள் கீழே இறங்கி அமருங்கள். உங்களுக்குச் சொல்லாமல் நான் யாருக்கும் சொல்லப் போவதில்லை."

மெல்லிய சிரிப்பு ஒன்று ஓடியது. கம்பியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவள் விடவில்லை. மஞ்சள் அணிக்கு ஒரு கார்னர் கிடைத்திருக்கிறது என்றாள். அது வெளியே போய்விட்டது என்றாள். பச்சை அணியில் ஒருத்திக்குக் காலில் சுளுக்கு, மருத்துவர் பார்க்கிறார் என்றாள். தண்ணீர் குடிக்காதவர்கள் குடியுங்கள் என்றாள். விசில் அம்மாள் காதில் கேட்டது மைக்கம்மாவின் வாய்வழியாக, சூடு தணிந்து, அரங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மஞ்சள் அணிக்கு ஃப்ரீ கிக்," என்று விசில் அம்மாள் முனகினார். முகம் வெளிறியிருந்தது. "கோலுக்கு ரொம்பக் கிட்ட."

மைக்கம்மா அதையும் சொன்னாள், அதே குரலில். எதிர்ப்பக்கத்தில் மாமியார் கொடியால் முகத்தை மூடிக்கொண்டார்.

விசில் அம்மாள் திடீரென்று கைபேசியைக் கீழே போட்டுவிட்டார். கையால் மட்டும் ஒன்றுமில்லை, முடிந்தது என்று காட்டினார். பிறகுதான் வார்த்தை வந்தது. "கம்பத்துல பட்டு வெளிய போயிடுச்சு. முடிஞ்சுது. ரெண்டுக்கு ரெண்டு."

"உறுதியாங்க?"

"அட, உறுதி! சொல்லுங்கம்மா!"

"ஆட்டம் முடிந்தது," என்றாள் மைக்கம்மா. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "மஞ்சள் அணி இரண்டு. பச்சை அணி இரண்டு. இறுதிப் போட்டியில் பச்சை அணியைச் சந்திப்பது, சிவப்பு அணி."

அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் யார் காதிலும் விழவில்லை. வட்டமாக நின்ற பெண்கள் ஒரே குவியலாகச் சரிந்தார்கள். குவியலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு நீளக் கால்களைப் பார்த்து, அது யார் என்று மைக்கம்மா தெரிந்துகொண்டாள். கத்த வேண்டும் போல உடம்பெல்லாம் பறந்தது. பொத்தானை அணைத்துவிட்டு, கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை உதறினாள். பக்கத்தில் விசில் அம்மாள் முழங்கால் வலியை மறந்து குதித்துக்கொண்டிருந்தார்.

இறுதிப் போட்டிக்கு முதல் நாள் வானொலிக்காரருக்குத் தொண்டை திறந்துவிட்டது. அவர் நல்ல மனிதர். அறிவிப்பு அறைக்கு வந்து, "நீங்களே பண்ணுங்க. ஊருக்கே உங்க குரல்தான் பிடிச்சிருக்கு. நான் வெறுமனே உட்கார்ந்து பாக்கறேன்," என்றார். விசில் அம்மாளும் அதையேதான் சொன்னார். தொலைக்காட்சிக்காரர்களும் அவளைத்தான் கேட்கிறார்களாம்.

மைக்கம்மா மைக்கைப் பார்த்தாள். பளபளவென்று நல்ல மைக். பேருந்து நிலையத்தில் இருப்பது போலக் கரகரக்காது.

"இல்லைங்க, நீங்களே பண்ணுங்க," என்றாள்.

"ஏன், பயமா?" என்றார் விசில் அம்மாள்.

"பயமில்லை. மூணு ஆட்டமா வாயைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நாளைக்கு எனக்குக் கத்தணும். கைதட்டணும். நடுவரைத் திட்டணும். என் நாத்தனார் பேரைச் சொல்லி ஊரே கேக்கற மாதிரி கூப்பிடணும். அந்த நாற்காலியில உட்கார்ந்தா இதெல்லாம் நடக்குமா?"

விசில் அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவள் கையில் வைத்தார். "இதையும் எடுத்துட்டுப் போங்க. ஆனா நடுவர் ஊதும்போது ஊதிடாதீங்க. ஆட்டம் நின்னுடும்."

இறுதிப் போட்டியன்று அரங்கத்தில் எள் போட இடமில்லை. மைக்கம்மா கணவனுக்கும் மாமியாருக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மேலே கண்ணாடி அறையிலிருந்து பார்த்தபோது எறும்பாகத் தெரிந்தவர்கள், இங்கே வியர்வையோடும் மூச்சிரைப்போடும் கண்ணெதிரே ஓடினார்கள். பந்தை உதைக்கும் சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. இத்தனை நாள் ஆட்டத்தையே பார்க்கவில்லை போலிருக்கிறதே என்று அவள் வியந்துபோனாள்.

முதல் கோல் பச்சை அணிக்கு. "அது ஆஃப்சைடு! கண்ணு தெரியலையா?" என்று மைக்கம்மா எழுந்து கத்தினாள். ஆஃப்சைடு என்றால் என்னவென்று அவளுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் கத்துவதற்கு ஏற்ற சொல்லாக இருந்தது. கணவன் திகைத்துப்போய் அவளைப் பார்த்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் இப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை.

இடைவேளைக்குப் பிறகு ஏழாம் எண்காரி ஒன்று போட்டுச் சமன் செய்தாள். மாமியார் ஒட்டடைக் குச்சியைச் சுழற்றியதில் முன்வரிசைக்காரரின் தொப்பி பறந்துபோனது. அவர் திரும்பிப் பார்த்து, கோபப்படலாமா என்று யோசித்து, பிறகு மாமியாரோடு சேர்ந்து கூவினார். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஒன்பதாம் எண்காரி இரண்டு பேரைத் தாண்டிப் போய், மூன்றாமவளின் கால்களுக்கு நடுவே பந்தைத் தள்ளி, இரண்டாவதையும் போட்டுவிட்டாள். அந்தச் சத்தத்தில் வானொலிக்காரர் என்ன அறிவித்தார் என்று யாருக்கும் தெரியாது.

பச்சை அணி சும்மா விடுமா? எல்லோரும் முன்னால் வந்துவிட்டார்கள், கோல்கீப்பர் உட்பட. கடைசி மூச்சில் ஒரு கார்னர். பந்து உயரே வந்தது. சிவப்புக் கோல்கீப்பர் குத்தித் தள்ளப் பாய்ந்து தவறவிட்டாள். பச்சைக்காரி ஒருத்தி தலையால் முட்டினாள். வலை திறந்து கிடந்தது, நடுவில் ஒரே ஒரு ஆள்.

"கொக்கே...!" என்று மைக்கம்மா வீறிட்டாள்.

கொக்குக்குக் காலைத் தூக்க நேரமில்லை. முகத்தைக் கொடுத்தாள். பந்து அவள் மூக்கில் பட்டுத் தெறித்து வெளியே போனது. அவள் அதே வேகத்தில் பின்னால் சரிந்து, வலைக்குள் விழுந்து, கையும் காலும் வலையில் சிக்கி, மீன் போல உருண்டாள். பந்து வெளியே, கொக்கு உள்ளே. நடுவர் விசிலை வாயில் வைத்தார். மைக்கம்மா தன் விசிலை வாயில் வைத்தாள். நல்லவேளை, இருவரும் ஒன்றாகவே ஊதினார்கள்.

சிவப்பு அணி இரண்டு, பச்சை அணி ஒன்று. முதல் கோப்பை.

வலையிலிருந்து கொக்கை விடுவிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அதில் ஒருத்தி தலையால் முட்டிய அதே பச்சைக்காரி. மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு, சட்டையெல்லாம் ரத்தப் பொட்டுகளோடு, கொக்கு பதக்கத்துக்குத் தலை குனிந்தபோது வானொலிக்காரர் அவள் எண்ணை அறிவித்தார். கணீரென்றுதான் அறிவித்தார். இந்தப் பக்கம் மாமியார், "என் பொண்ணு, என் பொண்ணு!" என்று முன்பின் தெரியாதவர்களையெல்லாம் தோளைப் பிடித்து உலுக்கினார். மைக்கம்மா கத்தினாள், கத்தினாள், சத்தம் மெலிந்து மெலிந்து, கடைசியில் வாய் மட்டும் அசைந்தது.

மறுநாள் காலை அவள் தொண்டையில் ஒரு பொட்டுக் குரல்கூட மிச்சமில்லை. பேருந்து நிலையத்துக்குக் கணவன்தான் போன் செய்தான். "நிலைய மேலாளர் ரெண்டு நாள் லீவு எடுத்துக்கச் சொல்லிட்டார். நேரக் காப்பாளரை மைக்குல உட்காரவச்சிருக்காராம். மூணாம் நடைமேடைக்கு வந்த வண்டியை முப்பதுன்னு சொல்லி, இல்லாத நடைமேடையைத் தேடிக்கிட்டு ஒரு கூட்டமே அலையுதாம்," என்றான். மைக்கம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

தொலைக்காட்சியில் போட்டியின் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொக்கு தரையில் கால் நீட்டி, மூக்கு குடைமிளகாய் போல வீங்கி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு பார்த்தாள். மாமியார் இருவருக்கும் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டு, பெட்டிக்குள் பேசிக்கொண்டிருந்த நிபுணரோடு மல்லுக்கு நின்றார்.

"அதிர்ஷ்டவசமா முகத்துல பட்டுச்சாம்! இவன் வந்து மூக்கை நீட்டிப் பார்க்கட்டும், அதிர்ஷ்டம் எப்படி வலிக்கும்னு தெரியும்."

"விடும்மா," என்றாள் கொக்கு. மூக்கடைப்பில் அது "விடுப்பா" என்று கேட்டது.

"இன்னொரு தடவை போடறான் பாரு. அந்தக் கொடி யாருது? நம்மளுது! ஏய், நீ தெரியறே பாரு, வாயைப் பொளந்துக்கிட்டு!"

திரையில் ஒரு கணம் மைக்கம்மா வந்தாள். தலை கலைந்து, கழுத்து நரம்பு புடைத்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு. இதுவா நான் என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. கொக்கிடம் கேட்கலாம் என்று திரும்பினாள். கொக்கு சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். தலை மெல்லச் சரிந்து அண்ணியின் தோளில் வந்து விழுந்தது. பதக்கம் இன்னும் கழுத்தில் கிடந்தது.

மைக்கம்மா அசையாமல் உட்கார்ந்து, ஒரு தலையணை கொண்டு வரும்படி கணவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். வெறும் காற்று வந்தது. செய்தித்தாளை இந்தத் தடவை நேராகப் பிடித்திருந்த அவன் காதில் அது எப்படி விழுந்ததோ தெரியாது. எழுந்து தலையணையை எடுத்துக்கொண்டு வந்தான்.